முதல் பிரசவத்தில் கையால் எடுத்த நஞ்சு: இரண்டாவதை வீட்டில் பெறலாமா?

32 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டாவது குழந்தை, இப்போது 31 வாரம். முதல் பிரசவம் மருத்துவமனையில் நடந்தது. வலி எடுத்த பிறகு கணவரையும் உள்ளே விடவில்லை, அம்மாவையும் விடவில்லை. பத்து மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். கத்தியபோது ஒருவர் தொடையில் அடித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டித் தையல் போட்டிருக்கிறார்கள். இந்த முறை வீட்டிலேயே பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறார். நிறையப் பிரசவம் பார்த்த பெரியம்மா துணைக்கு இருப்பார். கணவர் காணொளிகள் பார்த்துத் தயாராகிறார், ரத்தப்போக்கு வந்தால் கொடுக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். மருத்துவமனை காரில் 40 நிமிடம். நெதர்லாந்தில் எல்லோரும் வீட்டில்தானே பெறுகிறார்கள், தொப்புள்கொடியை வெட்டாமல் தானாக விழும்வரை விடலாமா, பெரியம்மா சொல்லும் பத்தியமும் வெந்நீர்க் குளியலும் சரியா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இது: “முதல் தடவை நஞ்சு விழாமல் மயக்கம் கொடுத்துக் கையை விட்டு எடுத்தார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது ஹீமோகுளோபின் 9.6. மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை.”

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நடந்ததைப் பற்றி. உங்களை அடித்தது தவறு. கேட்காமல் வெட்டியது தவறு. துணைக்கு ஒருவரையும் விடாததும் தவறுதான். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருப்பது, விரும்பிய நிலையில் பெறுவது, சிக்கல் இல்லாதபோது வலி நேரத்தில் குடிக்கவும் சாப்பிடவும் விடுவது எல்லாம் இருக்கின்றன. வழக்கமாக எல்லோருக்கும் வெட்டுவதும், முடி மழிப்பதும், எனிமா கொடுப்பதும், குழந்தையை வெளியே தள்ள வயிற்றை அமுக்குவதும் வேண்டாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. ஆகவே, நீங்கள் கேட்பது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் உங்கள் கடிதத்தை அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் நான் படிக்க வேண்டியிருக்கிறது. ‘மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய இரண்டு வரிதான் பிரச்சினையே.

நெதர்லாந்தில் நடப்பது

அங்கே எல்லோரும் வீட்டில் பெறுவதில்லை. 1960-களில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில் நடந்தன. இன்று ஏழெட்டில் ஒன்றுதான். அந்த ஒன்றும் சல்லடையில் சலித்து வந்தது. எந்தெந்தத் தாய்க்கு வீடு பொருந்தும், யாருக்கு மருத்துவமனை என்பதற்கு அந்த நாட்டு மருத்துவச்சிகளிடம் ஒரு பட்டியல் உண்டு. மருத்துவச்சி என்றால் அங்கே நான்கு ஆண்டு பட்டப்படிப்பு படித்தவர். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும், ஆக்சிஜன் எல்லாம் கையோடு கொண்டு வருவார். பிரசவத்துக்குப் பின் ஒரு வாரம்போல இன்னொரு பயிற்சி பெற்ற உதவியாளர் தினமும் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார்.

இங்கிலாந்திலும் வீட்டுப் பிரசவம் அங்கீகரிக்கப்பட்ட ஒரு வழி. 2011-ல் அங்கே சிக்கல் வாய்ப்பு குறைந்த சுமார் 64,000 தாய்மார்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே பெற்றவர்கள் வீட்டில் பெற்றாலும் மருத்துவமனையில் பெற்றாலும் குழந்தைக்கு வந்த ஆபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்தில் மட்டும் கடுமையான பாதிப்பு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதமும், ஏற்கெனவே பெற்றவர்களில் 12 சதவீதமும் பாதியில், அல்லது குழந்தை பிறந்த கையோடு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன.

இதைப் படித்ததும் ‘நான்தான் ஏற்கெனவே பெற்றவளாயிற்றே’ என்று தோன்றும். ஆனால் ‘சிக்கல் வாய்ப்பு குறைந்த’ என்ற வரையறைக்குள் நீங்கள் வரவில்லை. முந்தைய பிரசவத்தில் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போக்கு இருந்திருந்தாலோ, நஞ்சை அறுவை அரங்கில் கையால் எடுத்திருந்தாலோ மருத்துவமனையில் பெறுவதுதான் பொருத்தம் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்கு இரண்டுமே இருந்திருக்கிறது. வீட்டுப் பிரசவத்தை ஊக்குவிக்கும் நாட்டிலேயே, அதை விரும்பிச் செய்யும் மருத்துவச்சியே உங்களை மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்.

நஞ்சு விழாதபோது உள்ளே என்ன நடக்கிறது

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்து ரத்தக் குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது உறைகட்டி அல்ல, தசை. கர்ப்பப்பையின் தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அந்தக் குழாய்களைச் சுற்றி ஓடுகின்றன. கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கினால் குழாய்கள் நெரிபட்டு மூடும். நஞ்சு பாதி பிரிந்து பாதி ஒட்டிக்கொண்டிருந்தால் கர்ப்பப்பையால் முழுக்கச் சுருங்க முடியாது. பிரிந்த பாதியிலிருந்து ரத்தம் கொட்டும்.

இந்த நேரத்தில் அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு கொடியைப் பிடித்து இழுப்பது. சுருங்காத கர்ப்பப்பையில் இழுத்தால் கொடி அறுந்து வரும், அல்லது கர்ப்பப்பையே உள்பக்கம் வெளியாகத் திரும்பி வரும். இரண்டாவது நடந்தால் தாய் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார்.

ரத்தம் எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதிலும் எல்லோரும் ஏமாறுகிறார்கள், மருத்துவர்கள் உட்பட. மெத்தை குடித்தது தெரியாது. இடுப்புக்கு அடியில் தேங்கியது புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். துணியை எடை போட்டால் கூடுதலாக உள்ள ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் ரத்தம். பிரசவித்தவளுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பையை விரித்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கும் முறையை ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அளந்ததாலும், தாமதிக்காததாலும் வந்த பலன் அது.

இதில் உடம்பும் ஒத்துழைக்காது. ஆரோக்கியமான இளம்பெண் ஒரு லிட்டர் போகும்வரைகூடப் பேசிக்கொண்டிருப்பார். நாடித் துடிப்புதான் முதலில் ஏறும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். விழும்போது படிப்படியாக விழாது. 9.6 ஹீமோகுளோபினோடு இருக்கும் உங்களுக்கு அந்த அவகாசமும் குறைவு. ‘ஏதோ சரியில்லை’ என்று உணர்ந்து, வண்டியை எடுத்து, உங்களைத் தூக்கி ஏற்றி, 40 நிமிடம் ஓட்டி, உள்ளே ரத்தம் ஏற்பாடாவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். சிகிச்சையே இல்லாத கடும் போக்கில் உயிர் தாங்குவது இரண்டு மணி நேரம்போலத்தான்.

கணவர் வாங்கிய மாத்திரைக்கு வருகிறேன். ஆக்சிடோசின் ஊசிக்கு வழியில்லாத இடங்களில், ரத்தப்போக்கைத் தடுக்கக் குழந்தை பிறந்த பிறகு 600 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் வாய்வழி கொடுப்பது ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் அது போக்கு வரும் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, ஒட்டிக்கொண்ட நஞ்சைப் பிரித்தெடுக்காது. ‘வலி சரியாக வரவில்லை’ என்று யாராவது அதைக் குழந்தை பிறக்கும் முன்பே இந்த அளவில் கொடுத்துவிட்டால் கர்ப்பப்பை கிழியலாம், குழந்தைக்கு மூச்சுமுட்டலாம். அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சீக்கிரம் வலி எடுக்க வீட்டில் போடும் ஊசிக்கும் இதே எச்சரிக்கை.

“எங்கள் பாட்டிமார் எல்லாம் வீட்டில்தானே பெற்றார்கள்?”

பெற்றார்கள். அந்தக் கதைகளைச் சொல்லப் பிழைத்திருந்தவர்கள் சொன்னார்கள். ஸ்வீடனில் 1750-களில் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 900 தாய்மார்கள் இறந்தார்கள். 1900 வாக்கில் அது 230 அளவுக்குக் குறைந்தது. அந்தக் காலம் முழுக்கப் பிரசவம் பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. மாற்றியது அரசு பயிற்சி கொடுத்து ஊருக்கு ஊர் அனுப்பிய மருத்துவச்சிகளும், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கிருமிநாசினிக் கைகழுவலும். ஆக, வீடு என்பதே எமன் என்று நான் சொல்லவில்லை. யார் பார்க்கிறார், கையில் என்ன இருக்கிறது, சிக்கலானால் எத்தனை நிமிடத்தில் எங்கே போகலாம் என்பதை வைத்துத்தான் தாய் பிழைப்பதும் பிழைக்காததும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை என்ற பெயரில் பெண்களை அவர்கள் சமூகத்திலிருந்து பிடுங்கியதும் நடந்திருக்கிறது. கனடாவின் வடக்கே நுனாவிக் பகுதியில் இனுயிட் பழங்குடிப் பெண்களைப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே விமானத்தில் தெற்கே அனுப்பினார்கள். மொழி தெரியாத ஊரில் தனியாகப் பெற்றுத் திரும்பினார்கள். அந்தப் பெண்கள் போராடி 1986-ல் புவிர்னிடுக்கில் தங்கள் ஊரிலேயே பிரசவ மையம் பெற்றார்கள். இனுயிட் பெண்களே பயிற்சி பெற்று அங்கே மருத்துவச்சிகளானார்கள். அங்கேயும் ஒவ்வொரு கர்ப்பத்தையும் முன்கூட்டியே ஒரு குழு பரிசீலித்து, சிக்கல் வாய்ப்பு உள்ளவர்களைத் தெற்கே அனுப்புகிறது.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் பெருவின் அயகுச்சோ மலைப்பகுதி. அங்கே கெச்சுவா பழங்குடிப் பெண்கள் மருத்துவமனைக்கு வர மறுத்தார்கள். காரணம் கேட்டபோது வந்த பதில்கள் உங்கள் கடிதம்போலவே இருந்தன: படுக்க வைக்கிறார்கள், குளிர் அறை, நம் ஆட்களை விடுவதில்லை, நம் மொழி பேசுவதில்லை. ஒரு சுகாதார மையம் தன்னை மாற்றிக்கொண்டது. பிடித்துக்கொண்டு குந்திப் பெற ஒரு கயிறும் பலகையும் வைத்தது, குடும்பத்தை உள்ளே விட்டது, கெச்சுவா பேசும் பணியாளர்களை வைத்தது. 1999-ல் அந்தப் பகுதிப் பிரசவங்களில் 6 சதவீதம்தான் மையத்தில் நடந்தது, 2007-ல் 83 சதவீதம். நீங்கள் கேட்க வேண்டியது அந்தக் கயிற்றைத்தான்.

மருத்துவமனையில் பேச வேண்டியவை

போன முறை போன இடத்துக்கே போக வேண்டியதில்லை. 24 மணி நேரமும் ரத்தமும் மயக்க மருத்துவரும் கிடைக்கும் இரண்டு மூன்று இடங்களுக்கு இந்த மாதமே போய்ப் பாருங்கள். பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமா என்று வாசலில் கேட்காதீர்கள், பிரசவம் பார்ப்பவரிடம் கேளுங்கள். வாசலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘முடியாது’தான். மருத்துவமனையோடு ஒட்டி, மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவப் பிரிவு இருந்தால் உங்கள் பழைய சீட்டுகளைக் காட்டி, ஏற்றுக்கொள்வார்களா என்று பேசிப் பாருங்கள்.

ஒரே பக்கத்தில், உங்களுக்கான விருப்பங்களை எழுதிக் கோப்பின் மேலே வையுங்கள். நடமாட விட வேண்டும். முட்டி போட்டோ, பக்கவாட்டில் படுத்தோ பெற விட வேண்டும். வெட்ட வேண்டி வந்தால் காரணம் சொல்லி, சம்மதம் வாங்கி, மரக்கச் செய்த பிறகுதான். குழந்தையைத் துடைத்து நேராக மார்பில் போட வேண்டும். கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் வெட்டக் கூடாது. இவை எதுவும் பாதுகாப்பைக் குறைப்பவை அல்ல.

அதே தாளின் முதல் வரி மட்டும் உங்கள் விருப்பமாக இருக்கக் கூடாது, உங்கள் சரித்திரமாக இருக்க வேண்டும்: ‘முன்பு நஞ்சு கையால் எடுக்கப்பட்டது, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது.’ அதைப் படித்ததும் அவர்கள் செய்ய வேண்டியவை: வந்த உடனே கையில் ஊசிக்குழாய் போட்டு வைப்பது, ரத்த வகை பார்த்துப் பொருத்தமான ரத்தத்தைத் தயாராக வைப்பது, குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின், நஞ்சு அரை மணிக்குள் விழாவிட்டால் அறுவை அரங்குக்குத் தயாராவது. ஊசிக்குழாயோடும் நடக்கலாம், குந்தலாம். ‘இயற்கையாகப் பெற வேண்டும்’ என்பதற்காக ஆக்சிடோசினை மட்டும் மறுத்துவிடாதீர்கள். நீங்கள் மறுக்கக் கூடாத ஒரே ஊசி அது.

இப்போதே செய்ய வேண்டியது

ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும். ஒன்பது வாரம் இருக்கிறது, ஏற்றலாம். பீட்ரூட் சாறால் ஏறாது, நிறம்தான் சிவப்பு, அதில் இரும்பு பெரிதாக இல்லை. இரும்பு மாத்திரை அட்டையில் மொத்த எடையைப் பார்க்காமல் தனிம இரும்பு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். ரத்தசோகை இருந்தால் நாளுக்கு 120 வரை கொடுப்பதுண்டு, அளவை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு வேண்டாம், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் 1 கிராமாவது ஏறாவிட்டால் இரும்பை ரத்தக் குழாய் வழி ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த ஸ்கேனில் நஞ்சு எந்த இடத்தில் இருக்கிறது, தசைக்குள் ஊடுருவியதுபோல் தெரிகிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு கையால் எடுத்த விவரத்தைச் சொன்னால்தான் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள். டெட்டனஸ் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடி, பத்தியம், வெந்நீர்

கொடியைத் தாமதித்து வெட்டுவது நல்லது. இரண்டு விரலால் பிடித்தால் துடிப்பது தெரியும். ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் நஞ்சிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 100 மில்லி ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. அதன் பிறகு துடிப்பு நின்ற கொடியில் எதுவும் போகாது. நாள்கணக்கில் நஞ்சோடு விட்டுவைப்பது, அழுகத் தொடங்கும் சதையைக் குழந்தையோடு கட்டி வைப்பதுதான். வெட்டிய கொடியில் சாணம், சாம்பல், மண் எதையும் வைக்கக் கூடாது; பச்சிளம் குழந்தையின் இசிவு நோய்க்கு (டெட்டனஸ்) அதுதான் வாசல். நேபாளத்தில் கடுகெண்ணெய் தடவும் வழக்கம் ஆழமாக இருந்ததால், ‘ஒன்றும் தடவாதே’ என்பதற்குப் பதில் தடவுவதற்கே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பைக் கொடுத்தார்கள். அது புத்திசாலித்தனம். சுத்தமான சூழலில் எதுவும் தடவாமல் உலர விட்டாலே போதும்.

பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும் கதகதப்பும் வேண்டும் என்பதில் உலகமே ஒன்றுபடுகிறது. சீனாவில் ஒரு மாதம், லத்தீன் அமெரிக்காவில் நாற்பது நாள். யாரோ சமைத்துப் போட, யாரோ வீட்டைப் பார்க்க, தாய் பிள்ளையோடு இருப்பது அருமையான ஏற்பாடு, அதை விடாதீர்கள். அளவு மீறும் இடத்தில்தான் வம்பு. சீனாவில் கோடையில் சன்னலை அடைத்துப் போர்த்திப் படுத்து, வெப்பத் தாக்கில் இறந்த தாய்மார் உண்டு. உங்கள் பெரியம்மா சொல்வதில் நான் உறுதியாக மறுப்பது தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும், படுத்தே கிடப்பதோடு சேர்ந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், மறுநாளே எழுந்து நடங்கள். வெந்நீர் இதமான சூட்டில் சரி, தையல்மீது வேகமாக அடித்து ஊற்றக் கூடாது. குழந்தைக்கு முதல் குளியல் 24 மணி நேரம் கழித்து. தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை கூடாது.

வழியிலேயே பிறந்துவிட்டால்

இரண்டாவது பிரசவம் வேகமாக முடியும். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை காத்திருக்காமல், ஒழுங்காக வரத் தொடங்கியதுமே கிளம்புங்கள்; பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும் உடனே. அப்படியும் முந்திக்கொண்டால் கணவர் வண்டியை நிறுத்தி ஆம்புலன்ஸை அழைக்கட்டும். தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிறந்ததும் உலர்ந்த துணியால் முதுகை நன்றாகத் தேய்த்துத் துடைத்து, மார்பில் தோலோடு தோல் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது கூடாது. கொடியை வெட்ட வேண்டிய அவசரம் இல்லை, வெட்டாமலே போகலாம். இழுக்கவும் வேண்டாம். பாலுக்கு வாயை வையுங்கள், கர்ப்பப்பை சுருங்க அது உதவும். நஞ்சு தானாக விழுந்தால் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், முழுதாக வந்ததா என்று அங்கே பார்க்க வேண்டும்.

பெரியம்மாவை இந்தத் திட்டத்திலிருந்து விலக்காதீர்கள். பிரசவ அறைக்குள் உங்கள் துணையாகப் பெயர் கொடுக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. வலி நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிடவும், குந்தும்போது முதுகைத் தாங்கவும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நஞ்சு விழுந்த பிறகு முதல் இரண்டு மணி நேரத்துக்கு அவருக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை உங்கள் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கட்டும். கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், பிசைந்த மாவுபோல் தொளதொளவென்று இருந்தால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே செவிலியரைச் சத்தம் போட்டு அழைக்க வேண்டும். துணியைப் புரட்டி அடியிலும் பார்க்க வேண்டும். செவிலியர் வேறு கட்டிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கை அங்கே இருக்கட்டும்.